‘பொறுப்பு’ என்னும் சொல்லும் தலைமை நீதிபதியின் காலியிடமும்: சென்னை உயர் நீதிமன்றம் (2022–2023) குறித்த ஒரு விமர்சன வாசிப்பு

திறவுச்சொற்கள்: உயர் நீதிமன்றம், காலியிடம், பொறுப்புத் தலைமை நீதிபதி, கொலீஜியம், நடைமுறைக் குறிப்பாணை, காலவரம்பு, வேப்பனப்பள்ளி

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் உள்ள வேப்பனப்பள்ளி, கர்நாடக எல்லையும் ஆந்திர எல்லையும் அருகருகே வரும் ஊர். பெங்களூரு இவ்வூருக்குச் சென்னையைவிட மிக அருகில் உள்ளது. எனினும் இங்குள்ள உழவர் ஒருவர் நிலம் கையகப்படுத்தலை எதிர்த்து நீதிப்பேராணை கேட்க விரும்பினால் அவர் செல்ல வேண்டியது சென்னைக்கே. 2004 சூலையில் தொடங்கப்பட்ட மதுரை அமர்வின் எல்லைக்குள் இம்மாவட்டம் வரவில்லை. கெயில் எரிவாயுக் குழாய்த் திட்டம் கிருஷ்ணகிரி உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே செல்ல முற்பட்டபோது, மாநில அரசின் தடையாணையை 2013 நவம்பரில் நீக்கியதும் சென்னை உயர் நீதிமன்றமே. ஆகவே அந்நீதிமன்றத்தின் தலைமை இருக்கை நிறைந்துள்ளதா, காலியாக உள்ளதா என்பது தொலைவிலுள்ள எல்லைப்புற ஊருக்கும் உரிய வினாவாகும்.

அவ்விருக்கை 2022 செப்டம்பர் முதல் 2023 மே வரை எட்டு மாதங்களுக்கும் மேலாக முழுமையாக நிரப்பப்படாமல் இருந்தது. இக்காலப்பகுதியை ஆளும் பிரதிகள் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன, அவற்றின் சொற்கள் எதைச் சொல்லி எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்வு

தலைமை நீதிபதி முனீஸ்வர் நாத் பண்டாரி 2022 செப்டம்பரில் ஓய்வுபெற்றார். அவரையடுத்து எம். துரைசாமி பொறுப்பேற்றுச் சில நாள்களிலேயே ஓய்வுபெற, டி. ராஜா பொறுப்புத் தலைமை நீதிபதியானார். செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றக் கொலீஜியம், ஒடிசாவின் தலைமை நீதிபதி எஸ். முரளிதரைச் சென்னைக்கு மாற்றப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதனை ஏற்கவுமில்லை, மறுத்துத் திருப்பி அனுப்பவுமில்லை. 2023 ஏப்ரல் 19 அன்று கொலீஜியமே தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. அரசிடமிருந்து மறுமொழி வராததையும், ஆகஸ்டில் ஓய்வுபெறவிருந்த முரளிதருக்கு நான்கு மாதங்களுக்கும் குறைவான பணிக்காலமே எஞ்சியிருந்ததையும் அத்தீர்மானம் காரணமாகக் காட்டியது. மே 28 அன்று எஸ்.வி. கங்காபூர்வாலா பதவியேற்றார்.

இங்கு கருதத்தக்கது, மறுப்பு என்று ஒன்று எங்கும் எழுதப்படவில்லை என்பதாகும். காரணம் கூறி மறுத்திருந்தால் கொலீஜியம் அதே பெயரை வலியுறுத்தியிருக்கலாம். மௌனத்தை எதிர்த்து வலியுறுத்த வழியில்லை. ஓய்வு வயது 62 என்னும் அரசமைப்பு விதியோடு மௌனம் சேரும்போது, நாள்காட்டியே மறுப்பாணையாகிவிடுகிறது.

பிரதிகளின் சொல்லாட்சி

அரசமைப்பின் 217ஆம் பிரிவு நியமனத்திற்குக் ‘கலந்தாலோசனை’யை வேண்டுகிறது. 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் இச்சொல் கலந்து பேசுதல் என்ற அளவிலேயே பொருள்கொள்ளப்பட்டது. 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அதுவே ‘இசைவு’ என்னும் பொருளுக்கு நகர்ந்தது. ஒரு சொல்லின் பொருள்விரிவால் அதிகாரம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறியது. 2015 அக்டோபரில் தேசிய நீதித்துறை நியமன ஆணையம் செல்லாதென அறிவிக்கப்பட்ட பின்னரும் இந்நிலையே தொடர்கிறது. இவ்விவாதம் முழுவதும் ‘யார் தெரிவுசெய்வது’ என்பதிலேயே நின்றுவிட்டது. ‘எப்போதைக்குள்’ என்னும் வினாவுக்குப் பிரிவு 217இல் ஒரு சொல்லும் இல்லை.

நடைமுறைக் குறிப்பாணையில் அச்சொல் உண்டு. தலைமை நீதிபதி பதவி காலியாவதற்கு ஒரு மாதம் முன்பே நியமனப் பணி நிறைவுறும் வகையில் தொடங்கப்பட வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஏனைய நீதிபதிகளுக்கு ஆறு மாதம் முன்னரே பெயர்கள் பரிந்துரைக்கப்பட வேண்டும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உளவுத்துறை அறிக்கைக்கும், அரசின் கருத்துக்கும், வலியுறுத்தலுக்குப் பின்னான நியமனத்திற்கும் வாரக்கணக்கில் வரம்பு வகுத்தது. ஆனால் இவ்வரம்பு மீறப்பட்டால் என்ன நிகழும் என்று எப்பிரதியும் கூறவில்லை. விளைவு கூறாத காலவரம்பை விதி என்பதைவிட விழைவு என்பதே பொருந்தும். வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யனின் பெயர் 2023 சனவரி 17 அன்று வலியுறுத்தப்பட்ட பின்னும் அறிவிக்கை வெளியாகவில்லை. அதே நாளில் முதன்முறையாகப் பரிந்துரைக்கப்பட்டோர் சிலர் பிப்ரவரியில் பதவியேற்றனர். அவருடைய முதுநிலை பாதிக்கப்படுவதைக் கொலீஜியம் மார்ச்சில் கவலையுடன் பதிவுசெய்ததோடு அது முடிந்தது.

பிரிவு 223 வேறு வகையில் சிக்கலானது. தலைமை நீதிபதி பதவி காலியாகும்போது பிற நீதிபதிகளுள் ஒருவர் அக்கடமைகளை ஆற்றக் குடியரசுத் தலைவர் ஏற்பாடு செய்யலாம் என்கிறது அது. எவ்வளவு காலத்திற்கு என்பது அதிலும் இல்லை. சில நாள் இடைவெளியை நிரப்ப எழுதப்பட்ட பிரிவு, நிரப்பாமலிருப்பதைத் தாங்கும் பிரிவாக இவ்வாறே உருமாறுகிறது.

தமிழ் வழக்கில் இந்நிலைக்கு அமைந்த சொல் ‘பொறுப்பு’. சுமத்தலையும் தாங்குதலையும் குறிக்கும் ‘பொறு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல், பெயருக்கு முன் அடையாக வரும்போது ‘முழுமையாக அல்லாத’ என்னும் பொருளையே தருகிறது. பொறுப்பு முதல்வர், பொறுப்புத் துணைவேந்தர் ஆகியோரின் கீழ்ப் பணியாற்றிய பேராசிரியர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சட்டப்படி பொறுப்புத் தலைமை நீதிபதிக்கு அதிகாரக் குறைவு இல்லை. எவ்வழக்கை எவ்வமர்வு கேட்பது என்பதை அவரே வகுக்கிறார். புதிய நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூவர் குழுவிற்கும் அவரே தலைவர். ஆயினும் தம் பதவி உறுதியாவதும் இடமாற்றப்படுவதும் அரசின் கோப்பில் காத்திருக்கும் நிலையில் ஒருவர் அவ்வதிகாரத்தைச் செலுத்துகிறார். டி. ராஜாவை இராசத்தானுக்கு மாற்றும் 2022 நவம்பர்ப் பரிந்துரையும் இவ்வாறே கிடந்தது. இங்கு எழும் குறை அந்த ஆளுமைகளைச் சார்ந்ததன்று, அமைப்பைச் சார்ந்தது.

ஒப்புநோக்கு

இவ்வகைக் கட்டுரைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்னிறுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அவ்வாவணங்கள் குற்றம் காணப்பட்ட வாரியத்தாரை உடனே நீக்கவும், அடுத்து வருவோரைக் குடவோலை வழியே தெரியவும் விதிக்கின்றன. ஆனால் இடையில் விழும் ஓர் இடத்தை நிரப்பத் தனி முறை அவற்றில் விரித்துரைக்கப்படவில்லை. 360 நாள் பதவிக்காலம் கொண்ட ஊர் வாரியத்திற்கு அது பெருந்தேவையாகவும் இருந்திராது. அங்கே இல்லாத விடையை அங்கே தேடுவது பெருமிதமாகலாம், ஆய்வாகாது.

பயனுள்ள ஒப்பீடு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிடைக்கிறது. 1940இல் ஏற்கப்பட்ட முறைப்படி, மாநில உச்ச நீதிமன்றத்தில் இடையில் ஓர் இடம் காலியானால் ஆணையம் மூன்று பெயர்களை ஆளுநருக்கு அனுப்புகிறது. 60 நாள்களுக்குள் அவர் ஒருவரைத் தெரியாவிட்டால், தெரியும் உரிமை ஆணையத்திற்கே சென்றுவிடும். பின்னர் நடக்கும் பொதுத் தேர்தலில் அந்நீதிபதி தொடரலாமா என வாக்காளர் முடிவுசெய்வர். இறுதிக் கூறு நமக்குப் பொருந்தாது. பொருந்த வேண்டுமென இக்கட்டுரையாளர் கருதவுமில்லை. கவனத்திற்குரியது இரண்டாம் கூறு. அங்கு மௌனம் செய்பவர் தம் உரிமையை இழக்கிறார். இங்கு மௌனம் செய்பவருக்கு உரிமை கூடுகிறது.

காலவரம்பு தரத்தைக் கெடுக்கும் என்ற மறுப்பு எழலாம். 62 வயது நிறையும் நாள் பதவியேற்கும் நாளிலேயே தெரிந்துவிடும் ஒரு பதவிக்கு அம்மறுப்பு வலுவற்றது. எதிர்பாராத காலியிடங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். மேகாலயத்திற்கு மாற்றப் பரிந்துரைக்கப்பட்ட விஜயா தஹில்ரமானி 2019 செப்டம்பரில் பதவி விலகியது அத்தகையது. அங்கு கேள்விக்குள்ளாக வேண்டியது அரசின் மௌனமன்று, மாற்றத்திற்கான காரணத்தை முழுமையாக வெளியிடாத கொலீஜியத்தின் மௌனம். நீதித்துறைத் தற்சார்பை வலியுறுத்தும் எழுத்துகள் இவ்விரண்டாம் மௌனத்தை எளிதில் கடந்துவிடுகின்றன.

2024 மே மாதம் கங்காபூர்வாலா ஓய்வுபெற்றார். அந்நாளும் முன்னரே அறியப்பட்டதே. ஆர். மகாதேவன், அவர் உச்ச நீதிமன்றம் சென்றபின் டி. கிருஷ்ணகுமார் என இருவர் பொறுப்பு வகிக்க, செப்டம்பர் 27 அன்றுதான் கே.ஆர். ஸ்ரீராம் பதவியேற்றார்.