பெல்லாவும் ஒரு பாடபேதமும்

1943 ஏப்ரல் 18. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷைரில் உள்ள ஹேக்லி காட்டுக்குள் நான்கு சிறுவர்கள் அனுமதியில்லாமல் நுழைகிறார்கள். பறவைக்கூடு தேடி ஒருவன் ‘விச் எல்ம்’ என்னும் மரத்தில் ஏறி அதன் பொந்துக்குள் எட்டிப் பார்க்கிறான். உள்ளே ஒரு மண்டையோடு. ஏதோ விலங்கு என்று நினைத்தவனுக்கு அதில் ஒட்டியிருந்த முடியும் பற்களும் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நால்வரும் வாய்மூடிக் கலைகிறார்கள். கடைசியில் இருப்பதிலேயே சின்னவன்தான் வீட்டில் சொல்கிறான்.

காவலர்கள் பொந்திலிருந்து எடுத்தவை: ஏறக்குறைய முழு எலும்புக்கூடு, ஒரு மலிவான மோதிரம், ஒரு செருப்பு, கிழிந்த துணிகள். கை எலும்புகள் மட்டும் மரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கிடந்தன. உடற்கூறு ஆய்வு செய்த ஜேம்ஸ் வெப்ஸ்டர், இறந்தவர் ஒரு பெண் என்றும், இறந்து குறைந்தது 18 மாதங்கள் ஆகியிருக்கும் என்றும் கணித்தார். வாய்க்குள் டஃபெட்டா துணி திணிக்கப்பட்டிருந்தது. உடல் விறைத்த பிறகு அந்தக் குறுகிய பொந்துக்குள் நுழைத்திருக்க முடியாது. சூடு ஆறுவதற்குள் அவளைத் திணித்திருக்கிறார்கள். நமக்கு உறுதியாகத் தெரிந்தது ஏறத்தாழ இவ்வளவுதான். மற்றதெல்லாம் கதை.

1944இல் பர்மிங்ஹாம் நகரச் சுவரொன்றில் யாரோ எழுதினார்கள்: பெல்லாவை விச் எல்மில் போட்டது யார்? அந்தச் சுவரெழுத்துக்குப் பிறகுதான் அவள் பெல்லா ஆனாள். அது அவளுடைய உண்மைப் பெயரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

சுவடிப் பதிப்பைப் பாடமாக நடத்துகிறவள் என்பதால் ஒரு பாடபேதம் என் கண்ணில் படுகிறது. மரத்தின் பெயரில் உள்ள ‘விச்’ என்பது வளையக்கூடியது என்னும் பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சூனியக்காரியைக் குறிக்கும் ‘விட்ச்’ வேறு சொல். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுதான், எழுத்தில்தான் வேறுபாடு. 1970களிலிருந்து ஹேக்லிக்கு அருகிலுள்ள குன்றின் கல்தூணில் இதே கேள்வி திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அங்கே மரத்தின் பெயர் ‘விட்ச் எல்ம்’. ஓர் எழுத்து போய் இரண்டு எழுத்துகள் வந்தன. வளையும் மரம் சூனியக்காரியின் மரமாகிவிட்டது. ஏடு எழுதுகிறவர் தன் மனத்தில் இருப்பதைப் பாடத்துக்குள் நுழைத்துவிடுவார் என்று மாணவிகளுக்குச் சொல்வேன். இங்கே ஏடெழுதியது ஊர்.

ஊருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண் அறிஞர் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. கல்கத்தாவில் பிறந்த மார்கரெட் மர்ரே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியல் கற்பித்தவர்; பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் கிறித்துவத்துக்கு முந்தைய ஒரு ரகசிய வளமைச் சமயத்தைப் பின்பற்றியவர்கள் என்று 1921இல் நூல் எழுதினார். அந்தக் கருத்து பின்னாளில் பெண்ணியவாதிகள் பலரையும் ஈர்த்தது. எரிக்கப்பட்ட பெண்களுக்கு ஒரு மரபும் ஒரு கடவுளும் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சித்திரவதையும் மிரட்டலும் சூழ்ந்த விசாரணைகளில் வாங்கிய வாக்குமூலங்களே அவருடைய முக்கியச் சான்று. அவற்றில் நம்பமுடியாத பகுதிகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அவர் எடுத்தாண்டதை நார்மன் கோன் 1975இல் எடுத்துக்காட்டினார்.

1945இல் பக்கத்து வாரிக்ஷைரில் முதிய பண்ணைக் கூலி ஒருவர் கொல்லப்பட்டபோது மர்ரே அதையும் மரத்துப் பெண்ணையும் சூனியத்தோடு சேர்த்துப் பேசினார். பிரிந்து கிடந்த கை எலும்புகள் மந்திரச் சடங்கு ஒன்றின் அடையாளமாயின. அந்தச் சடங்குக்கு வேண்டியது தூக்கிலிடப்பட்ட குற்றவாளியின் கை என்பது மரபு. காட்டு விலங்குகள் எலும்பை இழுத்துப் போடும் என்பதோ எல்லாருக்கும் தெரிந்தது. வாயில் திணித்த துணியைக் கோட்பாடு கண்டுகொள்ளவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டது. வாக்குமூலங்களுக்கு நேர்ந்ததே இந்த உடலுக்கும் நேர்ந்தது. பெண்களின் மறைந்த வரலாற்றைத் தேடிய ஒருவர், மறைக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தன் கோட்பாட்டின் சான்றாக மட்டும் பார்த்தார். நாமும் இதைச் செய்யக்கூடியவர்கள்தான். நமக்குப் பிடித்த கோட்பாடு என்பதற்காக யாருடைய உடலையும் அதன் அளவுக்கு வெட்டக்கூடாது.

பிற கதைகளும் இப்படியே. அவள் ஜெர்மானிய உளவாளி என்றார்கள். 1941இல் லண்டன் கோபுரத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ஜோசப் யாக்கோப்ஸ் என்ற உளவாளி வைத்திருந்த புகைப்படத்தில் இருந்த பாடகி கிளாரா பவர்லேதான் பெல்லா என்றார்கள். அந்தப் பாடகி 1942 டிசம்பரில் பெர்லினில் இறந்ததற்கு ஆவணம் இருக்கிறது. 1953இல் வெளிவந்த இன்னொரு கதையில், குடித்து மயங்கிய பெண்ணை இரண்டு ஆண்கள் பொந்துக்குள் வைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் விழித்துப் பயந்தால் அவளுக்குப் புத்தி வரும் என்று. கொலையைக்கூடப் பெண்ணுக்குப் பாடம் கற்பிப்பதாகச் சொல்ல முடிகிறது. சூனியக்காரி, உளவாளி, குடிகாரி: ஒவ்வொரு கதையும் அவளைச் சாவதற்குப் பொருத்தமானவளாக ஆக்கிவைக்கிறது.

இவற்றுக்கிடையே ஒரு சிறு தகவல் உண்டு. 1944இல் பர்மிங்ஹாமில் பாலியல் தொழில் செய்த ஒரு பெண், ஹேக்லி சாலையில் தன்னைப் போலவே தொழில் செய்த பெல்லா என்பவளை மூன்று வருடங்களாகக் காணவில்லை என்று காவலரிடம் சொன்னாள். காட்டில் கிடைத்தவள் அந்தப் பெல்லாதானா என்று நிரூபணமாகவில்லை. ஆனால் சடங்கோ உளவோ இல்லாத அந்தப் பேச்சை நான் மீண்டும் மீண்டும் படிக்கிறேன். ஒருத்தி இல்லாமல் போனதை இன்னொருத்தி கவனித்திருக்கிறாள்; எண்ணி வைத்திருக்கிறாள்; போய்ச் சொல்லியும் இருக்கிறாள். அவளிடம் கோட்பாடு எதுவும் இல்லை. தோழியைக் காணோம் என்ற கவலை மட்டும் இருந்தது.

பிறகு அந்த எலும்புக்கூடும் தொலைந்துபோனது; உடற்கூறு அறிக்கையும் காணவில்லை. புதிய அறிவியலைக் கொண்டு பெயரைக் கண்டுபிடிக்கும் வழி அத்தோடு அடைபட்டது. கதைகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

சுவரில் எழுதியவரின் வாக்கியத்தை வகுப்பில் இலக்கணமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். எழுவாய் ‘யார்’. பெல்லா செயப்படுபொருள். அந்த வாக்கியம் கேட்டது கொலைகாரனை. அதன் பிறகு வந்த கோட்பாடுகள் பெல்லாவை எழுவாயாக்கி, அவள் எப்படிப்பட்டவள் என்று விசாரிக்கத் தொடங்கின. எண்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லப்படுவது கேட்கப்படாத அந்தக் கேள்விக்குத்தான். கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது: போட்டது யார்?