அந்த எம்ப்டி ரைடைத் திட்டாதீர்கள்

கபடி ஆட்டம். எதிரே ஆறு பேர் நிற்கிறார்கள். போனஸ் திறந்து கிடக்கிறது. நம்ம ரைடரோ பால்க் லைனைத் தாண்டிவிட்டு, கார்னரை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். கேலரியில் உடனே ஆரம்பிக்கும்: "அடிபட்டதுலேர்ந்து பயந்து பாடுறான்பா." வர்ணனையாளர்கள் இதையே நாகரிகமாக, "நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை" என்கிறார்கள்.

இந்த சீசனில் நான் பார்த்த துணிச்சலான முடிவு, புள்ளி எடுக்காமல் திரும்பும் அந்த எம்ப்டி ரைடுதான்.

பால்க் லைனிலிருந்து போனஸ் கோடு 1 மீட்டர்தான். அதற்குள் முன்கால் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பாய்ந்து வந்த வேகம், உடம்பின் எடை, திரும்பி ஓடுவதற்கான முறுக்கு எல்லாம் ஒரே முட்டியில் இறங்கும். மண் தரையில் பாதம் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். மேட் விரித்த தரையில் ஷூ கவ்விக்கொள்ளும்; பாதம் நின்றுவிட, முட்டி மட்டும் திரும்பும். யாரும் தொடாமலேயே ஏசிஎல் என்ற முட்டி நார் அறுவது இப்படித்தான். நம்ம ஆளுக்குப் போனது வலது முட்டி. போனஸுக்கு அவர் ஊன்றுவதும் அதே கால்.

அறுவை சிகிச்சை செய்து 9 மாதம் முடிந்துவிட்டதே, ஃபிட் என்று சொல்லிவிட்டார்களே என்கிறார்கள். அந்த 9 மாதம் கீழ் வரம்பு. வேறு இடத்திலிருந்து எடுத்துப் பொருத்திய நார், பழைய நாரைப் போலப் பக்குவப்பட ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.

திரும்பி வந்த சில ஆட்டங்களிலேயே முட்டி வீங்கி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கே கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். வீக்கம் வந்தாலே நார் மறுபடி அறுந்துவிட்டது என்று யார் சொன்னது? தாங்கும் அளவுக்கு மேல் வேலை கொடுத்தாலும் முட்டியில் நீர் கோர்க்கும். அதனால்தான் ஃபிசியோக்கள் மறுநாள் காலை முட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வடிந்திருந்தால் மேலே போகலாம், வடியாவிட்டால் ஒரு படி இறங்க வேண்டும். ஒரே ஒரு படி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நீரோடு ஆடுவதுதான் வில்லங்கம். முட்டிக்குள் நீர் இருந்தால் முன்தொடைத் தசை சரியாக வேலை செய்யாது. வலியே இல்லாவிட்டாலும், ஊன்றும்போது முட்டியைத் தாங்க வேண்டிய தசை தூங்கிக்கொண்டிருக்கும். வலியை மறைக்க ஊசி போட்டுக்கொண்டு இறங்குபவரை மாவீரன் என்று நாம் கைதட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பெஞ்சிலிருந்து திரும்பியபின் அவர் ஆடுவதைக் கவனியுங்கள். இரண்டு ரைடு காலியாக வருகிறார். புள்ளி எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவது ரைடான டூ-ஆர்-டையில் மட்டும் முழு வேகத்தில் பாய்கிறார், அதிலும் கையால்தான் தொடுகிறார். ஓர் ஆட்டத்தில் இத்தனை முறைதான் வலது காலை முழுசாக ஊன்றுவது என்று மாசக் கடைசிக் குடும்பஸ்தன் போல எண்ணி வைத்திருக்கிறார் என்பது என் ஊகம். அணிக்குப் புள்ளி போகவில்லையா என்றால், போகிறது. இரண்டாவது ரைடர் அதை ஈடுகட்டட்டும். அவருக்கும் சம்பளம் தருகிறார்களே!

எதிரணிகள் இதைக் கண்டுபிடிக்க நாளாகாது. டூ-ஆர்-டை வந்தாலே கவர்கள் கைக்கு எட்டாத தூரத்துக்குப் பின்வாங்குவார்கள். அப்போது அவர் இடது காலால் போனஸ் எடுக்கத் தொடங்குவார் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் வலது காலுக்குக் காத்திருந்தே பழகிய கார்னர்களுக்குக் கொஞ்ச நாள் திண்டாட்டம்தான்.

லீக் சுற்று முடிவதற்குள் முட்டி இன்னொரு முறையும் வீங்கலாம். வீங்கினால் கோச் தயங்காமல் உட்கார வைக்கட்டும், ஓர் ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. பிளே-ஆஃபுக்கு அவர் வேண்டும். அங்கே இரண்டாம் பாதியில், டூ-ஆர்-டை இல்லாத ஒரு சாதாரண ரைடில், வலது காலை ஊன்றி போனஸ் எடுப்பார். இவர் சும்மா பாடிவிட்டுப் போய்விடுவார் என்று எதிரணி கார்னர் அசட்டையாக நிற்கும் நேரமாகத்தான் அது இருக்கும்.