தெற்கே சுழலும் ஆண்டுச் சக்கரம்

கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டை இன்று மீட்டெடுத்துப் பின்பற்றும் பேகன்களின் விழா நாள்காட்டிக்கு ஆண்டுச் சக்கரம் என்று பெயர். கதிரவன் திசை திரும்பும் நாள் இரண்டு, பகலும் இரவும் சமமாகும் நாள் இரண்டு, இடையே கெல்டிக் பருவ விழாக்கள் நான்கு என மொத்தம் எட்டு விழாக்கள். இவை ஒரே சக்கரமாகக் கோக்கப்பட்டது 1950களின் பிரிட்டனில், நவீனப் பேகன் முன்னோடிகளான ஜெரால்ட் கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரின் வட்டாரங்களில். அவற்றுள் சிலவற்றுக்கு ஒஸ்டாரா, லித்தா, மேபன் என்ற பெயர்களை அமெரிக்கப் பேகனான ஏய்டன் கெல்லி சூட்டியது 1974இல்தான். அண்மையில் மனிதர் கோத்த மாலையை இடத்துக்கேற்ப மாற்றிக் கோப்பதில் தவறில்லை.

அப்படி மாற்றும் தேவை ஆஸ்திரேலியாவில் எழுந்தது. குளிர்கால விழாவான யூல் வரும் டிசம்பர் 21 வாக்கில் அங்கே கொளுத்தும் கோடை. இதை எதிர்கொள்வதில் மூன்று போக்குகள் உண்டு.

முதல் போக்கினர் வடக்கின் தேதிகளையே வைத்துக்கொள்கிறார்கள். உலகெங்குமுள்ள அன்பர்களோடு ஒரே நாளில் வழிபடும் நிறைவு அவர்களுக்குப் பெரிது.

இரண்டாம் போக்கினர் சக்கரத்தை ஆறு மாதம் தள்ளிவைக்கிறார்கள். யூல் ஜூனுக்கும், மூதாதையரை நினைக்கும் சவன் ஏப்ரல் இறுதிக்கும் போகின்றன. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், பலர் வழிபாட்டில் நெருப்புக்கு உரிய திசையையும் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றி, வழிபாட்டு வட்டத்தை இடமாகச் சுற்றி வருகிறார்கள். ஆனாலும் இடறல் தீரவில்லை. யூகலிப்டஸ் மரங்கள் இலையுதிர் காலத்தில் இலை உதிர்ப்பதில்லை. அவற்றில் பல வகைகள் கோடையில் பட்டை உரிக்கின்றன. தீத்தடை அறிவித்த நாளில் கோடை விழாவுக்குச் சொக்கப்பனை கொளுத்தினால் அது குற்றம். மழைக்காலம், வறள்காலம் என்று வாழும் டார்வினுக்கோ நான்கு பருவக் கணக்கே பொருந்தாது.

மூன்றாம் போக்கினர் மண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். ஜூலி பிரெட் 2017இல் வெளியிட்ட ‘ஆஸ்திரேலியன் ட்ரூயிட்ரி’ இவ்வழியின் முக்கிய நூல். சுற்றியுள்ள மரம், பறவை, வானிலையைத் தொடர்ந்து கவனித்துக் குறித்து, அவரவர் ஊருக்கான சக்கரத்தை அமைத்துக்கொள்ளச் சொல்கிறது இவ்வழி.

இவ்வழிக்கு எடுத்துக்காட்டாக, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதியில் டிசம்பரில் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்கும் ஒரு மரத்தைப் பாருங்கள். குடியேறியவர்கள் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றார்கள். அம்மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு அது மூஜார். உண்மையில் அது புல்லுருவிக் குடும்பம். தனி மரமாக நின்றபடியே, அண்டைச் செடிகளின் வேரிலிருந்து நீரை உறிஞ்சும். பண்டைய கெல்டிக் பூசாரிகளான ட்ரூயிட்கள் புல்லுருவியைப் புனிதமாகப் போற்றியதை ரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார். ஐரோப்பிய மரபினர் தேடும் புனிதச் செடியின் உறவு, தெற்கே அவர்கள் வாசலிலேயே நிற்கிறது!

ஆனால் இறந்தோரின் ஆவி அந்தக் கிளைகளில் தங்கிச் செல்வதாக நம்பும் நூங்கார் மக்கள் அதன் பூவைப் பறிப்பதில்லை. தொல்காப்பியம் சொல்லும் பெரும்பொழுதுகளைப் போலவே, பிரக் முதல் கம்பராங் வரை அவர்களுக்கும் ஆறு பருவங்கள் உண்டு. அவை பூவும் காற்றும் மழையும் பார்த்து அறியப்படுபவை.

எந்தப் போக்கையும் எடைபோட எனக்கு அளவுகோல் மூன்று: தலைக்கு மேலுள்ள சூரியனோடு விழா ஒத்துப்போகிறதா? காலடி மண்ணோடு ஒத்துப்போகிறதா? அந்த மண்ணை முன்பே அறிந்தவர்களிடமிருந்து பெற்றதை, அவர்களைக் கேட்டுப் பெற்றோமா? மூன்றாவதில் தவறினால் முதல் இரண்டும் பயனற்றவை. மூஜார் பூத்த நாளில் விழா எடுக்கலாம்; பூவை மட்டும் கிளையிலேயே விட்டுவிட வேண்டும்.