அசெமுக்கு முகம் இல்லை

ஃபைனல் ஃபேன்டஸி 14 விளையாட்டின் ‘டான்பெரி’ சர்வர் இருப்பது ஜப்பானில். ஆனால் ஜொகூர், சிங்கப்பூர்ப் பக்கத்து ஆட்டக்காரர்கள் பல காலமாகக் கூடுவது அங்கேதான். எந்த சர்வரில் ஆடினாலும் தீராத கேள்வி ஒன்று இந்த விளையாட்டில் உண்டு: அசெம் யார்?

2019இல் வந்த ‘ஷேடோபிரிங்கர்ஸ்’ பகுதியில் எமெட்-செல்க் என்ற எதிரி நம்மையே உற்றுப் பார்க்கிறான். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளாக எதையும் மறக்காதவன். கடலடியில் அவன் மாயமாய் எழுப்பிய பழைய நகரில், ஹைத்லோடேயஸ் என்னும் நிழலுருவம் நம்மிடம் சொல்கிறது: உன் உயிரின் நிறம் எங்கள் பழைய தோழமையின் நிறம். உலகம் பதினான்காகப் பிளந்தபோது சிதறிய அந்த உயிரின் ஒரு துண்டுதான் நாம். அந்தத் தோழமைதான் அசெம். ஆனால் அதுவும் பதவிப் பெயரே. இயற்பெயர் இல்லை, முகம் இல்லை.

கதாசிரியர் இஷிகாவா நட்சுகோவின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். எமெட்-செல்க்கைக் கொன்ற பிறகே இழந்தது நண்பனை என்பது முழுதாக உறைக்கிறது. நினைவு அவனுக்கு, மறதி நமக்கு. முகம் காட்டாததற்கும் நியாயம் உண்டு. ஆட்டக்காரர் எந்த இனத்திலும், ஆணாகவோ பெண்ணாகவோ தன் பாத்திரத்தைப் படைத்துக்கொள்ளலாம். அசெமுக்கு ஒரு முகத்தை ஒட்டினால், பெரும்பாலோருக்கு அது அந்நியர் முகமாகிவிடும்.

முகம் காட்டாதவர் நம் ஊர்க் கதையிலும் இருக்கிறார். ஜொகூரின் தங்காக்கில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையின் இளவரசியை, ‘செஜாரா மெலாயு’ என்ற பழைய மலாய் நூலில், அவளை மணக்க விரும்பும் மலாக்கா சுல்தான் மஹ்மூத் நேரில் பார்ப்பதே இல்லை. தூது போன துன் மமாட்டிடம் ஒரு கிழவிதான் நிபந்தனைகளை அடுக்குகிறாள். அவளே இளவரசி என்று ஊர் பேசிக்கொண்டது. ஆனால் அந்தக் காணாத முகம் சுல்தானிடம் ஒன்றைக் கேட்டது: மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். அதற்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அசெம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. என் குறை இதுதான்.

முற்பிறவிக் கதை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ‘மணிமேகலை’ பாடிய சாத்தனாரைப் பார்க்கலாம். மணிபல்லவத்தில் உண்ணாமல் உயிர் விட்ட ஆபுத்திரன், நமக்கு அக்கரையான சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறந்து அரசாள்கிறான். மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு வரச்செய்கிறாள். மணலைத் தோண்டியதும் தன் பழைய எலும்புகளைத் தானே காண்கிறான். மாதவியும் சுதமதியும் முன்பு தாரை, வீரை என்ற அக்காமார் என்று மணிமேகலை அறிகிறாள். தன்னைத் துரத்தும் உதயகுமரன் முற்பிறவிக் கணவன் என்றும் அறிகிறாள். தெரிந்த பிறகு அவனை எதிர்கொள்வது சுலபமாகவில்லை, கடினமாகிறது. நினைவு அங்கே சுமை.

விளையாட்டிலோ நாம் தலையசைக்கிறோம். 2021இன் ‘எண்ட்வாக்கர்’ நம்மைப் பழங்காலத்துக்கே அனுப்பி, எமெட்-செல்க், ஹைத்லோடேயஸ் இருவரையும் உயிரோடு முன்னே நிறுத்துகிறது. அசெம் மட்டும் ஊரில் இல்லை! என்ன வசதியான வெளியூர்ப் பயணம். இருந்தும் நட்பின் ஒரு பாதி அழகாகவே முடிகிறது: கடைசியில் வந்து உதவும் எமெட்-செல்க் மீண்டும் உயிர்பெற மறுக்கிறான், நாம் இன்னும் காணாத ஊர்களைச் சொல்லிக் கிண்டிவிட்டுப் போகிறான். அவன் கணக்கு தீர்ந்தது. நம் கணக்கு?

உலக அழிவைத் தடுக்க ஸோடியார்க் என்னும் தெய்வத்தை எழுப்பும் திட்டத்தை ஏற்காமல் அசெம் பழைய நகரின் சபையை விட்டு வெளியேறினார். எதிரணியான வெனாட்டுடனும் சேரவில்லை. ஏன்? உலகம் அழியும் வேளையில் நண்பர்களை விட்டு விலகியவர் என்ன செய்துகொண்டிருந்தார்? முகத்தை மறைப்பது ஆட்டக்காரருக்குக் காட்டும் மரியாதை. முடிவை மறைப்பது அப்படியல்ல. ஏனென்றால் எமெட்-செல்க் சுமந்த வருத்தத்தின் வேரே அந்த முடிவுதான். 2024இன் ‘டான்ட்ரெய்ல்’ இறுதியில் அசெமின் சின்னம் பொறித்த திறவுகோல் ஒன்று கைக்கு வருகிறது. மாதச் சந்தாவில் ஓடும் விளையாட்டு இப்படி ஒரு கதவைப் பூட்டாமல் வைத்திருப்பதில் வியாபாரமும் இருக்கிறது. முகத்தைக் காட்டாமலே அந்த முடிவைச் சொல்லிவிட முடியும்: சபையில் அசெம் எழுப்பிய மறுப்பைப் பதிவு செய்த ஓர் ஏடு போதும், அதை வாசித்துவிட்டு ‘ஆம், நானும் இதையே செய்திருப்பேன்’ என்றோ ‘மாட்டேன்’ என்றோ ஆட்டக்காரர் பதில் சொல்ல இரண்டு வரி போதும்.