பாளையக்காரர் போரும் ஆவணச் சான்றும்

பாளையக்காரர் போர் பற்றிய ஆய்வேடுகள் பல, நாளையும் இடத்தையும் கும்பினி ஆவணங்களினின்றும், வீரத்தைக் கதைப்பாடல்களினின்றும் எடுத்து இணைக்கின்றன. இம்முறை பொருந்துவதன்று. ஆவணத்தில் வீரம் இராது என்பது, அதனைப் படிக்குமுன்னரே செய்துகொண்ட முடிபாகும்.

1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அதனை நிறைவேற்றிய மேஜர் பானர்மன் சென்னை அரசுக்கு விடுத்த அறிக்கையை நோக்குக. பாளையக்காரர்களைக் கூட்டி, அவர்முன் தண்டம் விதித்த தம் செயலை மேலிடத்துக்கு எடுத்துரைக்கவே அவர் அதனை எழுதினார். ஆயினும், கட்டபொம்மன் அஞ்சாது நின்றமையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு நோக்கியமையும், உறுதி குன்றாது தூக்குமரத்துக்கு நடந்தமையும் அதன்கண் இடம்பெற்றுள்ளன. புகழவேண்டிய கடப்பாடு இல்லாத பகைவரின் கூற்றாகலின், இது வலிமை மிக்க சான்றாகும்.

எனவே, எழுதியவர் யார், யாருக்கு, எதன்பொருட்டு எழுதினார் என ஆவணத்தை வினவுதல் வேண்டும். கதைப்பாடலையும் அவ்வாறே வினவுதல் வேண்டும். இரண்டும் ஒன்றுபடும் இடமும் மாறுபடும் இடமும் அப்பொழுதே புலனாகும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் மூலத்தொகுதிகளை ஆய்வாளர் தாமே படித்தல் இன்றியமையாதது. அச்சேறிய பகுதிகளோடு அமைபவர், பிறர் தெரிந்தெடுத்த போரையே எழுதுவர்.