இலுப்பையை எப்படி ரசிப்பது?

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழி தெரியாதவர் இல்லை. அந்தப் பூவை வாயில் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு. வேறு வழியில்லாதபோது கைகொடுக்கும் பொருள் என்ற இளக்காரம் அதில் இருக்கிறது. மரத்தடிக்குப் போனால் அந்த எண்ணம் மாறிவிடும். ஆனால் ஒரே நடையில் இலுப்பை பிடிபடாது. மூன்று முறை போக வேண்டும்; அதில் ஒன்று இருட்டில்.

எங்கே தேடுவது?

பழைய கோயில்களை ஒட்டிய தோப்பிலும் குளக்கரையிலும் தேடுங்கள். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு சிவன் கோயிலுக்குத் தலமரமே இதுதான். இலைகள் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக நெருங்கி நிற்கும். ஓர் இலையைக் கிள்ளினால் பால் கசியும். சப்போட்டாவுக்கும் மகிழத்துக்கும் உறவுக்கார மரம்.

முதல் முறை: மாசி, பங்குனி விடியல்

இலை உதிர்ந்த கிளை நுனிகளில், பழுப்பு ரோமம் போர்த்திய மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். தரையெங்கும் வெளிர்மஞ்சளாகப் பூ உதிர்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். இதழ்கள் ஒட்டித் தடித்து, சாறு நிறைந்த மணி போல இருக்கும்; மேலும் கீழும் திறப்பு. விழுந்தது பூவின் இதழ்ப்பகுதி மட்டுமே. காயாகப் போகும் பகுதி மேலேயே தங்கிவிட்டது. நாக்கில் வைத்தால் முதலில் தித்திப்பு, அப்புறம் ஒரு காட்டு நெடி. காய்ந்த பூவின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான்.

மத்திய இந்தியாவில் இதன் உடன்பிறப்புக்கு மகுவா என்று பெயர். கோண்டு, சந்தால் மக்களுக்கு அதன் பூ உணவு, சாராயம், சடங்கு எல்லாமே. அந்தப் பூவைச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்தவே பம்பாய் மாகாணத்தில் 1892-இல் ஒரு சட்டம் போட்டார்கள்.

இரண்டாம் முறை: அதே வாரத்தில் ஓர் இரவு

டார்ச்சை அணைத்துவிட்டு நில்லுங்கள். முதலில் மணம் வரும், பிறகு சிறகடிப்பு. பழந்தின்னி வௌவால்கள் இனிப்பு இதழுக்காக வந்து அப்பும். பூவுக்கு வெளியே நீண்டிருக்கும் சூல்தண்டு வௌவாலின் முகத்தில் உரசும். அடுத்த மரத்து மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். இதழ் தின்னப்பட்டாலும் மரத்துக்கு நஷ்டமில்லை. கூலி கொடுத்து வேலை வாங்கியாகிவிட்டது.

மூன்றாம் முறை: ஆனி, ஆடி

இப்போது பழத்துக்கு வருவதும் வௌவால்தான். சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். பளபளவென்று பழுப்பாகக் கிடக்கும் அதை விடிந்ததும் கூடையில் பொறுக்குவார்கள். ஓட்டை உடைத்து, பருப்பைக் காயவைத்து, செக்கில் ஆட்டினால் இலுப்பெண்ணெய். குளிர்ந்தால் நெய்போல உறையும். கோயில் விளக்குகள் தலைமுறை தலைமுறையாக இதில் எரிந்தன. அதில் வௌவாலுக்கும் பங்குண்டு.

பிண்ணாக்கையும் விட்டுவைக்கவில்லை. நீரில் தேய்த்தால் நுரைக்கும். தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். குட்டையில் கரைத்து மீனை மயக்கிப் பிடித்தார்கள். இரண்டு வேலையையும் செய்தது அதிலுள்ள சப்போனின் என்ற பொருள்தான்.

மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்தபின் எண்ணெய்க்குக் கிராக்கி குறைந்தது. தோப்புகளைக் காப்பதற்கான காரணமும் கூடவே குறைந்தது. ஆகவே மூன்றாம் முறை போகும்போது நான்கு கொட்டைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காயவிடாமல் அன்றே மண்ணில் ஊன்றுங்கள். சில வாரம் போனால் முளைக்கும் திறன் போய்விடும். காய்க்கப் பத்து வருடமாவது ஆகும்; அப்போது வௌவால் வந்துபோக வசதியாக, வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள்.