வண்டிக்கு அடியில் ஒரு கைவேலை

நல்ல சைலன்சர் வேலையை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். வளைவுகளில் குழாய் நசுங்கியிருக்காது. வெல்டிங் ஒட்டு ஒரே சீராக ஓடும். குழாய் முழுவதும் ரப்பர் தாங்கிகளில் தளர்வாகத் தொங்கும். எஞ்சின் அசைந்தால் தானும் அசையும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, நுகேகொடையில் ஓடும் பழைய கார்களுக்கு இந்தக் கைவேலையின் அருமை கூடியது. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் தேடி, வீட்டு முற்றத்திலேயே குழாய் வெட்டிப் பொருத்துவோர் உண்டு. வண்டியின் அடிப்பகுதியை அளந்து அறியும் அந்த ஆனந்தம் கடையில் கிடைக்காது. ஆனால் கல்வனைஸ் குழாயை ஒட்டவே கூடாது. அதன் துத்தநாகப் பூச்சிலிருந்து எழும் புகை காய்ச்சல் தரும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

வளைப்பதில் பட்டறைக்கே வெற்றி. உள்ளே தாங்குதண்டு செலுத்தி வளைக்கும் இயந்திரம் குழாயின் வட்டத்தைக் காக்கும். மணலை இறுக்கி நிரப்பிச் சூடாக்கி வளைக்கும் பழைய வித்தைக்கோ பழகிய கை வேண்டும். அகலக் குழாய் போட்டால் பலம் கூடும் என்பதும் எப்போதும் சரியல்ல. குறைந்த வேகத்தில் இழுவை குறையலாம். கொழும்பின் குறுந்தூர ஓட்டத்தில் உள்ளே தேங்கும் நீர் இரும்பை அரிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகே நல்லது.

அளவெடுத்துப் பொருத்துவதை நீங்களே செய்யுங்கள். வளைவையும் இறுதி ஒட்டையும் தேர்ந்த கையிடம் கொடுங்கள். அயலவர் தூக்கத்தைக் கெடுக்காத குழாயே நல்ல வேலைக்குச் சான்று.